பழைய ஆம்ப்ளிஃபயருக்குப் புதிய பாட்டுப் பெட்டி: வாங்குமுன் வணிகர்கள் பார்க்க வேண்டியவை

சென்ற மாதம் சின்னமனூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் பருப்புச் சரக்கு எடுக்கக் கடைக்கு வந்திருந்தார். சிட்டை எழுதி முடிந்ததும் செல்போனை எடுத்து இரண்டு படங்களைக் காட்டினார். இரண்டும் உள்ளங்கை அளவுப் பெட்டிகள். "அண்ணாச்சி, வீட்டில் பழைய ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கரும் சும்மா கிடக்கு. இந்தப் பெட்டியை மாட்டினால் செல்போனில் வருகிற பாட்டெல்லாம் அதில் கேட்கலாமாம். ஒன்றில் 24 பிட் என்று போட்டிருக்கு, இன்னொன்றில் 32 பிட் என்று போட்டிருக்கு. விலையோ இரண்டு மடங்கு. எதை வாங்கட்டும்?" என்று கேட்டார்.

இதே வேலையில் இறங்கி, ஒரு தடவை பணத்தை வீணாக்கி, பிறகு சரி செய்துகொண்டவன் நான். நம் சங்கத்து உறுப்பினர்கள் பலர் வீட்டில் 1980களிலும் 90களிலும் ஆசையாக வாங்கிய ஆம்ப்ளிஃபயரும் கேசட் டெக்கும் துணி போர்த்திக் கிடக்கின்றன. ஆகவே அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

பெட்டி செய்யும் வேலை

இந்தப் பெட்டிக்கு ஸ்ட்ரீமர் என்று பெயர். இது பாட்டைச் சேர்த்து வைப்பதில்லை. இன்டர்நெட் வழியாகவோ, வீட்டில் உள்ள கம்ப்யூட்டரில் இருந்தோ பாட்டை வாங்கி ஆம்ப்ளிஃபயரிடம் ஒப்படைக்கிறது. நம் தொழில் மொழியில் சொன்னால் இது ஒரு கமிஷன் மண்டி. சரக்கு அதனுடையது அல்ல. வந்த மூட்டையை எடை குறையாமல், கலப்படம் இல்லாமல் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

பாட்டு இன்டர்நெட்டில் எண்களாக வருகிறது. ஸ்பீக்கருக்கு எண்கள் புரியாது. மின் அலையாகத்தான் கொடுக்க வேண்டும். எண்ணை அலையாக மாற்றும் சில்லுக்கு டி.ஏ.சி. என்று பெயர். சில ஸ்ட்ரீமர்களில் இது உள்ளேயே இருக்கும். சிலவற்றில் இருக்காது, தனியாக வாங்க வேண்டும். இந்த ஒரு விவரம் தெரியாமல்தான் நான் ஏமாந்தேன். மதுரையில் ஒரு கடையில் விலை மலிவாக இருக்கிறதே என்று ஒரு பெட்டியை வாங்கி வந்தேன். அதில் ஒளி இழை மூலம் எண்களாக வெளியே அனுப்பும் ஆப்டிகல் துளை மட்டுமே இருந்தது. என் ஆம்ப்ளிஃபயரோ 1987இல் வாங்கியது. ஆப்டிகல் என்ற பேச்சே அதில் இல்லை. தனி டி.ஏ.சி. வாங்கி நடுவில் மாட்டிய பிறகுதான் சத்தம் வந்தது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால், டி.ஏ.சி. உள்ளேயே உள்ள நல்ல பெட்டியின் விலை வந்துவிட்டது.

முதலில் வீட்டில் உள்ளதைச் சோதியுங்கள்

புதுச்சரக்கு வாங்குமுன் கிடங்கில் இருப்பு எவ்வளவு என்று பார்ப்பது நம் வழக்கம். அதையே இங்கும் செய்யுங்கள்.

ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டிரண்டு துளைகள் இருக்கும். இவை ஆர்.சி.ஏ. சாக்கெட்டுகள். மேலே ஆக்ஸ், டேப், டியூனர், சி.டி., ஃபோனோ என்று எழுதியிருக்கும். ஸ்ட்ரீமரை ஆக்ஸ், சி.டி., டியூனர் இவற்றில் ஒன்றில் மாட்டலாம். டேப் என்பதில் ப்ளே அல்லது இன் என்று எழுதிய துளையில் மாட்டலாம். ரெக் அல்லது அவுட் என்பதில் மாட்டினால் சத்தம் வராது.

ஃபோனோ என்ற துளையில் மட்டும் மாட்டவே கூடாது. அது இசைத்தட்டு ப்ளேயருக்கு உரியது. இசைத்தட்டு முள்ளில் இருந்து வரும் மின்சாரம் மிக மிகக் குறைவு. ஆகவே அந்தத் துளை வருவதைப் பல மடங்கு பெருக்கும். அதோடு அடித்தாளச் சத்தத்தைக் கூட்டி, கூர்மையான சத்தத்தைக் குறைக்கும். தட்டில் பதியும்போது இதற்கு நேர்மாறாகப் பதிந்திருப்பதால் தட்டுக்கு அது சரி. ஸ்ட்ரீமரை அதில் மாட்டினால் பாட்டு உடைந்து, பானைக்குள் இருந்து பாடுவதுபோல வரும். காலியாக இருந்த துளை அதுதான் என்று நானும் முதலில் அதில்தான் மாட்டினேன்.

சில பழைய செட்டுகளில் ஆர்.சி.ஏ. இருக்காது. வட்டமான துளைக்குள் ஐந்து சிறு ஓட்டைகள் இருக்கும். அது டின் சாக்கெட். அதற்காக ஆம்ப்ளிஃபயரைத் தள்ளிவிட வேண்டாம். டின்னில் இருந்து ஆர்.சி.ஏ.வுக்கு மாற்றும் வயர் கிடைக்கிறது. ஆனால் பழைய செட்டுகள் எதிர்பார்க்கும் மின்னளவைவிட இன்றைய ஸ்ட்ரீமர் அதிகமாகத் தரும். சத்தம் கரகரத்தால் ஸ்ட்ரீமரின் ஆப்பில் வெளியீட்டு அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஸ்பீக்கர். முன்துணியைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். அது ஃபோம் வளையமாக இருந்தால் இருபது முப்பது வருடத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும். ரப்பர், துணி வளையங்கள் இந்த அளவுக்குக் கெடுவதில்லை. உதிர்ந்த வளையத்தைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றலாம். ஆம்ப்ளிஃபயரில் ஹம் என்ற இரைச்சல் வந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் பாடினாலோ, உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். கையில் உள்ள பணத்தில் முதல் செலவு இதுவாகத்தான் இருக்க வேண்டும். கிழிந்த சல்லடையை வைத்துக்கொண்டு நயம் அரிசி வாங்கிப் பயன் இல்லை.

செலவில்லாத சோதனை ஒன்று. செல்போனில் ஹெட்போன் துளை இருந்தால், அங்கிருந்து ஆக்ஸ் துளைக்கு ஒரு சாதாரண வயரை மாட்டி நாலு நாள் பாட்டுக் கேளுங்கள். துளை இல்லாத போனுக்குச் சிறு இணைப்பு வயர் உண்டு. நாலாம் நாள் நீங்களே அதை மறந்துவிட்டால் ஸ்ட்ரீமரே வேண்டாம். பணம் மிச்சம்.

ப்ளூடூத்தா, வைஃபையா?

"ஆயிரம் ரூபாய்க்குள் ப்ளூடூத் பெட்டி கிடைக்கிறதே, அது போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். எப்போதாவது கேட்பவருக்குப் போதும். வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ப்ளூடூத்தில் பாட்டு முழுவதும் உங்கள் செல்போன் வழியாகத்தான் போகிறது. வழியில் அது மறுபடியும் சுருக்கப்படுகிறது. ஒரு மூட்டைச் சரக்கை இன்னொரு சின்ன மூட்டையில் அமுக்கிக் கட்டுவதுபோல. போன் வந்தால் பாட்டு நிற்கும். நமக்கோ விலை கேட்டும் லாரி எங்கே என்று கேட்டும் போன் வந்துகொண்டே இருக்கும். போனைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனால் பாட்டு விட்டுவிட்டு வரும். சாதாரண ப்ளூடூத்தின் எல்லை ஏறக்குறைய 10 மீட்டர்தான். நடுவில் சுவர் இருந்தால் அதுவும் குறையும்.

வைஃபை ஸ்ட்ரீமரில் பெரும்பாலும் செல்போன் ரிமோட் மட்டுமே. எந்தப் பாட்டு என்று போனில் சொன்னதும், பெட்டி தானே நேராக இன்டர்நெட்டில் இருந்து வாங்கிக்கொள்கிறது. அதன்பின் போன் வந்தாலும், போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாலும் வீட்டில் பாட்டு தொடரும்.

ஆனால் வைஃபை அந்த அறைவரை வர வேண்டும். நம் பகுதியின் பழைய வீடுகளில் கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகச் சுவர்கள் கனமாக இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று வைஃபையில் இரண்டு அலை உண்டு. 5 வேகமானது, ஆனால் சுவரில் தேங்கிவிடும். 2.4 வேகம் குறைந்தது, ஆனால் சுவரைத் தாண்டி வரும். பாட்டுக்கு 2.4 தாராளமாகப் போதும். சி.டி. தரத்தில் சுருக்காமல் அனுப்பினாலும் நொடிக்கு 1.4 மெகாபிட்தான் ஆகிறது. அதுவும் எட்டாத அறைக்கு மோடத்தில் இருந்து நேராக ஒரு லேன் கேபிளை இழுத்துவிடுவதே நிரந்தரத் தீர்வு. அப்படிச் செய்வதானால் லேன் துளை உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

கரண்ட் போனால் ஆம்ப்ளிஃபயர் உடனே திரும்ப வேலை செய்யும். மோடமும் ஸ்ட்ரீமரும் முழித்துக்கொள்ளச் சில நிமிடம் ஆகும். இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

எண்களைக் கண்டு மயங்க வேண்டாம்

இப்போது சின்னமனூர் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். 1982இல் வந்த சி.டி.யில் ஒரு நொடி இசையை 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக எழுதினார்கள். மனிதக் காது கேட்கும் உச்ச எல்லை 20,000 ஹெர்ட்ஸ். அதைப் பதிய இந்த அளவு போதும் என்ற கணக்கில்தான் அதை நிர்ணயித்தார்கள். அந்த 20,000 கூட இளம் வயதுக் காதுக்குத்தான். வயது ஏற ஏறக் கூர்மையான சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கேட்காமல் போகும். நம் வயதில் 24 பிட்டுக்கும் 32 பிட்டுக்கும் வித்தியாசம் கண்டேன் என்று யாராவது சொன்னால், பில்லைப் பார்த்தபிறகு சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வித்தியாசம் தெரியும் இடம் வேறு. அது வரும் சரக்கின் தரம். போடியில் ஏலக்காய் ஏலம் எடுப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய் எத்தனை மில்லிமீட்டர், பச்சை எவ்வளவு, வெடிப்பு எவ்வளவு என்று பார்த்துத்தான் விலை. சிறுகாயை எந்தச் சல்லடையில் போட்டாலும் அது எட்டு மில்லிமீட்டர்க் காய் ஆகாது. பாட்டிலும் அப்படியே. இலவசமாக, விளம்பரத்தோடு வரும் பாட்டைப் பல நிறுவனங்கள் அதிகம் சுருக்கித்தான் அனுப்புகின்றன. சந்தா கட்டினால் நொடிக்கு 256 அல்லது 320 கிலோபிட் என்ற அளவில் கிடைக்கும். அது நல்ல தரம். அதற்கும் மேலே, சுருக்கத்தில் எதையும் இழக்காத லாஸ்லெஸ் தரம் இருக்கிறது. ஆப்பிள் மியூசிக் 2021 முதல் கூடுதல் கட்டணம் இல்லாமல் இதைக் கொடுக்கிறது. மற்ற நிறுவனங்களின் திட்டங்கள் அடிக்கடி மாறுவதால், சந்தா கட்டும் அன்று அந்தத் திட்டத்தில் லாஸ்லெஸ் உண்டா என்று பார்த்துக் கட்டுங்கள்.

சந்தா கட்டிவிட்டு ஆப்பின் செட்டிங்ஸைப் பார்க்காமல் விட்டவர்களும் உண்டு. அங்கே தரம் 'ஆட்டோமேட்டிக்' என்றோ 'டேட்டா சேவர்' என்றோ இருந்தால், முதல் ரகத்துக்குப் பணம் கட்டி மூன்றாம் ரகம் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

இன்னொன்றும் உண்டு. 1950, 60களின் படப்பாடல்கள் பெரும்பாலும் மோனோவில் பதிந்தவை. அவற்றை எத்தனை பிட்டில் போட்டாலும் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம்தான் வரும். பழைய பாட்டு மட்டுமே கேட்பவர், எண் பெரிதாக உள்ள பெட்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

கடையில் சோதித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் அவர்கள் போடும் ஆங்கிலப் பாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்களுக்கு மனப்பாடமான பாட்டைப் போடச் சொல்லுங்கள். நமக்கு அதற்குப் பஞ்சமா? பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 1976இல் 'அன்னக்கிளி'யில் தொடங்கியதில் இருந்து நம் காதெல்லாம் அவர் பாட்டுத்தானே! பாட்டே இல்லாமல் வாத்தியங்களை மட்டும் கேட்க, 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்', ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 1988இல் வந்த 'நத்திங் பட் விண்ட்' ஆகிய இரண்டும் நல்ல உரைகல். வயலின்கள் தனித்தனியே கேட்கின்றனவா, குழலின் மூச்சு கேட்கிறதா என்று பாருங்கள்.

எந்த ஆப், எந்தப் பெட்டி?

பெட்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஆப்பைத் தேடாதீர்கள். முதலில் உங்கள் வீட்டில் எந்த ஆப்பில் பாட்டுக் கேட்கிறீர்கள், எந்த போன் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். போனில் இருந்து பெட்டிக்குப் பாட்டை அனுப்பப் பல வழிகள் உண்டு. ஆண்ட்ராய்டு போன்காரர்களுக்கு கூகுள் காஸ்ட், ஆப்பிள் போன்காரர்களுக்கு ஏர்பிளே, ஸ்பாட்டிஃபை சந்தாதாரர்களுக்கு ஸ்பாட்டிஃபை கனெக்ட். கம்ப்யூட்டரில் சொந்தமாகச் சேர்த்து வைத்த பாட்டுக்கு டி.எல்.என்.ஏ. உங்களுக்கு வேண்டிய வழி அந்தப் பெட்டியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரே நிறுவனத்துக்குள்ளேயே இது மாறும். வீம் என்ற பெயரில் வரும் பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சிறியதான வீம் மினியில் கூகுள் காஸ்ட் இல்லை. வீம் புரோவில் உண்டு. அவற்றைவிட விலை கூடிய வீம் அல்ட்ராவில் ஏர்பிளே இல்லை. விலை கூடினால் எல்லாம் இருக்கும் என்று நினைத்து வாங்கினால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம். புளூசவுண்ட் நோட், கேம்பிரிட்ஜ் ஆடியோ எம்.எக்ஸ்.என். 10 போன்றவை இன்னும் மேல் ரகம். பழைய ஆம்ப்ளிஃபயர் நல்ல நிலையில் இருந்து, ஸ்பீக்கரும் உயர்ந்த ரகமாக இருந்தால் யோசிக்கலாம். வீட்டில் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளை இருந்தால், 2012இல் வந்த ராஸ்பெர்ரி பை என்ற சிறு கம்ப்யூட்டரில் வால்யூமியோ அல்லது மூட் என்ற மென்பொருளைப் போட்டு அவரே ஒரு ஸ்ட்ரீமர் செய்து கொடுத்துவிடுவார்.

கர்நாடக சங்கீதக் கச்சேரி கேட்பவர்கள் 'கேப்லெஸ்' உண்டா என்று கேட்க வேண்டும். ஆலாபனை, தானம், பல்லவி என்று ஒரே கச்சேரியைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கேப்லெஸ் இல்லாத பெட்டியில் ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் ஒரு விநாடி அமைதி விழும். நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் வந்ததுபோல இருக்கும்.

பெட்டியின் ஆயுள்

நான் மிக முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுதான். என் ஆம்ப்ளிஃபயருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது, இன்னும் பாடுகிறது. ஆனால் ஸ்ட்ரீமர் என்பது பாதி பொருள், பாதி சேவை. பெட்டி கெடாமலே அது செத்துப்போகலாம்.

லாஜிடெக் நிறுவனம் ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற புகழ்பெற்ற ஸ்ட்ரீமரை 2012இல் நிறுத்தியது. கூகுள் 2015இல் கொண்டுவந்த குரோம்காஸ்ட் ஆடியோ, மலிவாக இருந்ததால் உலகம் முழுவதும் விற்றது. 2019இல் அதை நிறுத்திவிட்டார்கள். 2025 மார்ச்சில், அந்தப் பெட்டிகளுக்கு உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி, ஒரே நாளில் எல்லாம் வேலை செய்யாமல் போயின. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. லைசென்ஸைப் புதுப்பிக்க மறந்த கடை மாதிரி. சில நாட்களில் நிறுவனம் சரி செய்து கொடுத்தது. அவர்கள் மனம் வைக்காதிருந்தால் அத்தனையும் குப்பைதான்.

பாட்டு ஆப்களின் கதையும் இதுவே. கூகுள் ப்ளே மியூசிக் 2020இல் மூடப்பட்டது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியில் இந்தியாவில் நின்றது. ஏர்டெல்லின் விங்க் அதே 2024இல் மூடப்பட்டது.

ஆகவே நம் முதலீட்டுக் கணக்கு இப்படி இருக்க வேண்டும். நீண்ட நாள் உழைக்கும் ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் அதிகப் பணம். சீக்கிரம் மாற வேண்டிய ஸ்ட்ரீமருக்குக் குறைந்த பணம். ஸ்ட்ரீமர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த பெட்டியில், ஸ்ட்ரீமர் பகுதி பழசாகிவிட்டால் தனியாக மாற்ற முடியாது. தனித்தனியாக இருந்தால் சின்னப் பெட்டியை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். எப்படியும் ஆர்.சி.ஏ. வெளியீடும், வேறு கருவியை மாட்ட ஆக்ஸ் துளையும் உள்ளதாகப் பாருங்கள். இன்டர்நெட் சேவை நின்றாலும் வயர் வழி நிற்காது.

வாடகைப் பாட்டும் சொந்தப் பாட்டும்

1980களில் ஊருக்கு ஊர் ரிக்கார்டிங் சென்டர் இருந்ததை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். துண்டுச் சீட்டில் பாட்டுகளை வரிசையாக எழுதி, டி.டி.கே. 60 அல்லது 90 கேசட்டோடு கொடுத்தால், பதிந்து கொடுக்க ஒரு வாரம் ஆகும். கேட்கும் பாட்டைத் தேடிப் பிடித்து வைத்திருந்த அந்தக் கடைக்காரர்களும் வணிகர்களே. அந்தத் தொழில் இன்று இல்லை. அவர்கள் பதிந்து கொடுத்த கேசட்டோ நம்முடையது. அதை யாரும் பறித்துக்கொள்ள முடியாது.

சந்தாப் பாட்டு அப்படி அல்ல. அது வாடகைச் சரக்கு. சந்தா நின்றால் பாட்டும் நிற்கும். நிறுவனங்களுக்கும் உரிமையாளர்களுக்கும் தகராறு வந்தால், நேற்று இருந்த பாட்டு இன்று இருக்காது. தினசரி வரத்தை மட்டும் நம்பிக் கிடங்கைக் காலியாக வைக்கும் மொத்த வியாபாரி யாரும் உண்டா? சொந்த இருப்பும் கொஞ்சம் வேண்டும்.

அதனால் ஸ்ட்ரீமர் வாங்கும் உற்சாகத்தில் கேசட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கடையில் விற்ற படப்பாட்டுக் கேசட் போனால் போகட்டும், இன்டர்நெட்டில் இருக்கும். வீட்டில் பதிந்த கேசட்டுகளைத் தனியே எடுத்து வையுங்கள். என் கேசட் பெட்டியில் ஒன்றின்மேல் 'அப்பா, கடை வெள்ளிவிழா' என்று என் கையெழுத்தில் இருந்தது. முன்னே போட்டுக் கேட்டு இருபது வருடம் இருக்கும். என் தகப்பனார், தராசுத் தட்டைப் பற்றி வேலைக்காரப் பையன்களுக்கு அறிவுரை சொல்லும் பத்து நிமிடம் அதில் இருக்கிறது. உலகத்தில் எந்த நிறுவனத்துக்குச் சந்தா கட்டினாலும் அது கிடைக்காது.

இதைக் காப்பாற்றுவது பெரிய வேலை இல்லை. கேசட் டெக்கின் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். நாடா ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, கேசட்டை ஒரு முறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிக்கொள்ளுங்கள். டெக்கின் லைன் அவுட் துளையில் இருந்து, யு.எஸ்.பி.யில் மாட்டும் சிறு பதிவுக் கருவி வழியாகக் கம்ப்யூட்டருக்கு வயர் கொடுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதியலாம். 90 நிமிடக் கேசட்டுக்கு 90 நிமிடம் ஆகும். குறுக்கு வழி கிடையாது. ஃப்ளாக் என்ற வகையில் சேமித்தால் தரம் குறையாமல், இடம் ஏறக்குறைய பாதிதான் பிடிக்கும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். பென்டிரைவில் போட்டு, யு.எஸ்.பி. துளை உள்ள ஸ்ட்ரீமரில் நேராகக் கேட்கலாம். துளை இல்லாவிட்டால் முன்பு சொன்ன டி.எல்.என்.ஏ. வழியில் கம்ப்யூட்டரில் இருந்து கேட்கலாம்.

கடையில் போடலாமா? பில்லில் என்ன பார்ப்பது?

வீட்டுக்குக் கட்டிய சந்தா கடைக்குச் செல்லாது. பாட்டு ஆப்களின் நிபந்தனைகளில், சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றுதான் இருக்கும். வாடிக்கையாளர் கேட்கும்படி கடையில் போடுவது, 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி பொதுமக்களுக்கு இசைப்பது ஆகும். அதற்குத் தனி அனுமதி வேண்டும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் சார்பில் ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பும், ஒலிப்பதிவு உரிமையாளர்கள் சார்பில் பி.பி.எல். போன்ற நிறுவனங்களும் கட்டணம் கேட்கின்றன. கல்யாணத்துக்கும் அதை ஒட்டிய விசேஷங்களுக்கும் அதே சட்டத்தில் விலக்கு உண்டு. அதைச் சொல்லிக் கடைக்கு விலக்குக் கேட்க முடியாது. கடையில் பாட்டு வேண்டும் என்பவர்கள் உரிய அனுமதி பெற்றுக்கொள்வதே நல்லது.

ஸ்ட்ரீமரை பில் இல்லாமல் வாங்காதீர்கள். வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். ஆனால் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து வாங்கி, அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கக் கூடாது. சொந்த உபயோகத்துக்கான பொருளுக்கு வரி வரவு இல்லை என்று மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 17(5) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஒரு சின்னப் பெட்டிக்காக நோட்டீஸ் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

பெட்டியோடு வரும் பவர் அடாப்டரில் பி.ஐ.எஸ். பதிவு முத்திரையும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அடாப்டருக்கு இந்தப் பதிவு கட்டாயம். வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் வாங்கி வரும் பெட்டியில் அது இருக்காது. இங்கே வாரண்டியும் செல்லாமல் போகலாம். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் வரிசை

சுருக்கமாகச் சொன்னால்: (1) ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயரைச் சோதித்துப் பழுது நீக்குங்கள். (2) பின்பக்கத் துளைகளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். (3) வீட்டில் உள்ள போன், ஆப் எது என்று எழுதுங்கள். (4) அந்த அறையில் வைஃபை எட்டுகிறதா என்று பாருங்கள். (5) டி.ஏ.சி. உள்ளே உள்ளதா, ஆர்.சி.ஏ. வெளியீடு உண்டா என்று கேளுங்கள். (6) இத்தனையும் பொருந்தும் பெட்டிகளில் விலை குறைந்ததை வாங்குங்கள். (7) வீட்டுக் கேசட்டுகளைப் பதிந்து முடிக்கும்வரை டெக்கை விற்காதீர்கள்.

சின்னமனூர் நண்பரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, 24, 32 இரண்டையும் மறந்துவிட்டு ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைப் படம் எடுத்து வரச் சொன்னேன். மறுவாரம் படத்தோடு வந்தார். டின் சாக்கெட். ஸ்பீக்கரில் ஒன்றின் வளையம் உதிர்ந்திருந்தது. அவர் காட்டிய இரண்டு பெட்டிகளில் மலிவானதிலேயே டி.ஏ.சி. இருந்தது, அவர் வீட்டு போனுக்கும் அது பொருந்தியது. அதை வாங்கி, மிச்சப் பணத்தில் ஸ்பீக்கரைச் சரி செய்து, மாற்று வயரும் வாங்கிவிட்டார். இப்போது கடை அடைத்துப் போனதும் ராத்திரி ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்கிறாராம். அவர் தாயார் பாடிய தாலாட்டுக் கேசட் ஒன்று பரணில் இருப்பதாகவும், தீபாவளி வியாபாரம் முடிந்ததும் அதைப் பதிய வேண்டும் என்றும் சொன்னார். தீபாவளி வரை தள்ளிப்போட வேண்டாம், இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்காருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.